நின்றுகொண்டிருந்த புட்டிகள்

நிலவறையின் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் ஒயின் புட்டிகள், போட்டோவுக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல் நிமிர்ந்து நிற்கின்றன. கணவன் கப்பல் வேலைக்குப் போன மறுநாளே, படுத்துக் கிடந்தவற்றைத் துடைத்து, லேபிள் தெரியும்படி நிறுத்தி வைத்தவள் அவள்தான். இரண்டு வருஷம் கழித்து வந்தவன், கல்யாணத்தன்று வாங்கிவைத்த பிரெஞ்சு சிவப்பு ஒயினைத் திறக்கிறான். காய்ந்த தக்கை பொடிப்பொடியாக உதிர்கிறது. கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறான், முகர்கிறான், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுகிறான். அவள் அவன் முகத்தையே பார்க்கிறாள்.

“எப்படிங்க இருக்கு?”

“நல்லா இருக்கு.” மிச்சத்தையும் மடமடவென்று குடித்துவிட்டு, மற்ற புட்டிகளை ஒவ்வொன்றாகப் படுக்க வைக்கிறான்.

“ஏன், நிக்கட்டுமே?”

“படுத்திருந்தாத்தான் தக்கை ஈரமா இருக்கும். காஞ்சா காத்து உள்ள போயிடும்.”

கழுவ எடுத்த கிளாஸிலிருந்து வினிகர் நெடி அவள் மூக்கில் ஏறுகிறது. அடுத்த புட்டியை அவளே படுக்க வைக்கிறாள்.