ஒரு கட்டம் தள்ளி

இசக்கிராஜின் தலைக்குள் இருந்த நினைவு சிப்பைப் போன சித்திரையில் மாற்றினார்கள். பழைய சிப்பில் நினைவுகளைப் போட்டுவைக்கும் கட்டங்கள் சிறியவை, புதியதில் பெரியவை. அடியில் ஓடும் நிரலை எழுதியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நினைவுகளைக் கொண்டுபோய்க் கொட்டியபோது முகங்கள் சரியாக உட்கார, உணர்ச்சிகள் மட்டும் ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்துவிட்டன. மனைவி செல்வகனி மீதிருந்த பிரியம் கேபிள்காரருக்குப் போயிற்று. தண்ணீர் லாரிக்காரர் மீதிருந்த எரிச்சல் அவள் மீது வந்தது. கேபிள்காரர் இப்போது அந்தத் தெருவுக்கே வருவதில்லை.

சர்வீஸ் சென்டரில் சிப்பைச் சோதித்த வில்பிரட் திரையைப் பார்த்தபடியே செல்வகனியிடம் சொன்னான்.

"எல்லாத்தையும் ஒரு கட்டம் மேல தள்ளிரலாம்க்கா. அஞ்சு நிமிச வேலை. அண்ணாச்சி பழையபடி உங்க பின்னாலயே சுத்துவாவ."

"அப்பத் தள்ளுங்க தம்பி, எதுக்கு யோசிக்கிய?"

"சித்திரைக்குப் பெறகு சேர்ந்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. பழசத் தள்ளுனா அதுவும் சேர்ந்து தள்ளிரும். பிரிச்சுப் பாக்க இந்தச் சிப்புக்குத் தெரியாது."

செல்வகனி திரும்பிப் பார்த்தாள். ஆவணியில் பிறந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு, அவள் உள்ளங்காலில் ஊதி ஊதிச் சிரித்துக்கொண்டிருந்தான் இசக்கிராஜ்.

"அப்ப பாப்பா?"

"அந்தப் பாசம் வேற யாருக்காவது போயிரும்க்கா."

அவள் குழந்தையின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஒண்ணும் தள்ள வேண்டாம்." பிறகு கணவன் பக்கம் குனிந்தாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்."

இசக்கிராஜின் முகம் சுருங்கியது.

"பிள்ள சிரிச்சிக்கிட்டு இருக்கால்லா? ஒம் மூஞ்சிய ஏன் குறுக்க நீட்டுத?"

செல்வகனி சற்று ஒதுங்கி நின்றாள்.