கேள்வி மட்டும்தான் கேட்கணும்

"இந்த இடத்துல பேசினது கோச் இல்ல, நார்சிசா. எவனுக்கோ அக்கா."

நார்சிசாவின் பயிற்சிப் பேச்சுப் பதிவை நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார் பியேதாத் மேடம். குவெங்கா நகரத்தில் லைஃப் கோச்சிங் கற்றுக்கொடுப்பவர்களில் அவரைப் போலக் கறார் ஆசாமி கிடையாது. வழி தேடி வந்தவருக்குப் புத்தி சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கணும், பதில் அவர் வாயிலிருந்தே வரணும். அந்தத் தொழிலின் பாலபாடமே அதுதான்.

நார்சிசா தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் கையெழுத்துப் போட்டால்தான் ஆரம்பநிலைச் சான்றிதழ். அது வந்தால்தான் துணிக்கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கும் பிழைப்புக்கு விடிவு.

"முதல் பாதி தங்கம். 'அமெரிக்கா போகத் தைரியம் வேணும்'ங்கிறான் உன்கிட்ட வந்த ராமிரோ. 'அந்தத் தைரியம் வந்தா முதல்ல என்ன செய்வீங்க'ன்னு கேக்குறே. சபாஷ். அப்புறம் என்னடி ஆச்சு உனக்கு?"

பதிவை மறுபடி ஓட விட்டார். நார்சிசாவின் குரல் வெடித்தது.

"போகாதே ராமிரோ! ஏஜென்ட் பேச்சை நம்பாதே. என் தம்பியும் கள்ளத்தனமா எல்லை தாண்ட அந்தக் காட்டு வழியாத்தான் போனான். ரெண்டு வருஷமா ஒரு சேதி இல்ல. அவன் நம்பர் கட்டாயிடக் கூடாதுன்னு எங்கம்மா இன்னும் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டிருக்காங்க. உங்கம்மாவுக்கும் அந்தக் கதி வேணுமா?"

அதற்குப் பிறகு பதிவில் வெறும் அழுகைதான். அழுவது தானா, ராமிரோவா என்று நார்சிசாவுக்கே தெரியவில்லை.

"'நீங்க'ன்னு ஆரம்பிச்சு 'போகாதே'ல வந்து நிக்கிறே. சொந்தக் கதை, மிரட்டல், புத்திமதி. செய்யக் கூடாத அத்தனையும் செஞ்சிருக்கே."

"தெரியும் மேடம். வாயை அடக்க முடியல."

"அவன் போயிட்டானா?"

"இல்ல. நேத்து சந்தையில மூட்டை இறக்கிக்கிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்."

மேடம் பேனாவை எடுத்தார். 'தேர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நார்சிசா எழுந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பையை எடுத்தாள். தம்பியும் போனான், இப்போது இதுவும் போச்சு.

"நில்லு."

திரும்பினாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"என் பையன் ஏஜென்ட்டைப் பிடிச்சிட்டான். இன்ஜினீயருக்குப் படிச்சும் வேலை கிடைக்கல. வெள்ளிக்கிழமை கிளம்புறான், அதே காட்டு வழியா. நானும் தினம் உட்கார்ந்து கேள்வியாத்தான் கேக்குறேன். எல்லாத்துக்கும் அழகா பதில் சொல்றான் பாவி."

மேடம் மேசை மேலிருந்த வீட்டுச் சாவியை எடுத்தார்.

"இப்பவே என்கூட வீட்டுக்கு வர்றியா? நான் ஃபெயில் போட்டேனே அந்தப் பேச்சு, அதை அப்படியே அவன்கிட்ட பேசுடி."