மூன்றில் இரண்டு

"ஆளுன்னு தோணறவங்க கை தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, மேற்பார்வையாளர் படத்தைச் சுவரிலிருந்த பெரிய திரையில் போட்டார்.

அறையில் ஏழு பேர் இருந்தோம். ஜூம் அக்கா மட்டும் கையைத் தூக்கினாள்.

மற்றவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இதைக் கோபத்தோடு எழுதுகிறேன். கோபத்தில் எனக்கு எல்லாம் முன்னுக்குப் பின் ஆகிவிடும். வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகும் குப்பை வண்டி ஒன்று வரப்போகிறது. தெருவோரம் கிடப்பவற்றில் எதை அள்ளலாம், எதை அள்ளக்கூடாது என்று அதற்குக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. எல்லாம் இந்த ஊர்த் தெருக்களில் எடுத்த படங்கள். படம் வரும். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஆள், பொருள்.

ஒவ்வொரு படத்தையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்போம். இரண்டு பேர் சொன்னது உண்மை. மூன்றாவது ஆளுக்குச் சிவப்புப் புள்ளி. யார் என்ன அழுத்தினார்கள் என்று வெளியே காட்டாது.

நான் போகும் மாலை வகுப்பில் தத்துவ ஆசிரியர், யாரும் பார்க்காதபோது இந்த மேசை இருக்கிறதா என்று கேட்டார். வகுப்பே தலையைச் சொறிந்தது. எங்கள் அலுவலகத்தில் அந்தக் கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. இரண்டு பேர் அழுத்தினால் இருக்கிறது.

சிவப்புப் புள்ளி வாங்கியவர் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால் புள்ளி அழிந்துவிடும். படம் மூன்றுக்கு மூன்று என்று பதிவாகிவிடும். எல்லாரும் அழுத்திவிடுவோம். புல்லட் என்று நாங்கள் கூப்பிடுகிறவன் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் படம் முடிப்பான். அவன் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏற்றுக்கொள்வான்.

மூன்று நாளுக்குள் ஏற்காதவர் மறுநாள் வேலைக்கு வர வேண்டியதில்லை.

ஜூம் அக்கா ஏற்கவில்லை. எந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்காமல் விடமாட்டாள், அதனால் அந்தப் பெயர். அவள் கணவர் சாரத்திலிருந்து விழுந்து ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். இவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. இன்று ஐந்து மணியோடு அவளுடைய மூன்று நாள் முடிகிறது. மேற்பார்வையாளர் படத்தைப் போட்டபோது மணி நான்கு நாற்பத்தொன்று.

படத்தில் இருந்தது இவ்வளவுதான். மூடிப்போன ஒரு கடையின் ஷட்டர். அதை ஒட்டி நீளமாக ஒன்று. அதன்மேல் ஒரு போர்வை.

"மூட்டைக்கா. பட்டனை அமுக்கிட்டு வீட்டுக்குக் கிளம்புற வழியப் பாரு" என்றான் புல்லட்.

"மூட்டைக்கு எவன்டா போர்வை போத்துவான்? குளிருதுன்னு உன்கிட்ட வந்து சொல்லுச்சா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கையைத் தூக்கவில்லை.

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இன்னும் ஒரே ஒரு கை எழுந்தால் போதும், படத்தை மேலிடத்துக்கு அனுப்பி நாள் வாங்கித் தருகிறேன் என்றார். கெஞ்சாத குறை. மேலிடம் 'ஆள்' என்று சொல்லிவிட்டால், 'பொருள்' என்று அழுத்திய இரண்டு பேருக்கும் சிவப்பு விழும். அதையும் மறைக்காமல் சொன்னார்.

அந்த இரண்டு பேரும் இந்த அறையில்தான் இருந்தார்கள்.

அவர்களுக்குக் கண் இல்லையா என்று கேட்கத் தோன்றியது. கண் இருக்கிறது. அதை வைத்துப் படத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். மற்ற இரண்டு பேர் என்ன அழுத்துவார்கள் என்று கணக்குப் போட்டு அழுத்துகிறார்கள். அந்த இரண்டு பேரும் இவர்களை வைத்து அதே கணக்கைப் போடுகிறார்கள். தெருவில் கிடப்பது யார் கணக்கிலும் வருவதில்லை. இந்த அறைக்கு வெளியே மட்டும் என்ன வாழ்கிறது? எது செய்தி, எது அழகு, யார் யோக்கியன், யார் திருடன் எல்லாமே பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்து முடிவாகிறது. ஊரோடு ஒத்துப்போ என்று வளர்த்தார்கள். எதுவரைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

என் கை மேசைமேல் இருந்தது. தூக்கலாம் என்று நினைத்தேன். ஒருவேளை மூட்டையாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவசரப்படவில்லை. எல்லாரையும் பெரிதாக்கிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு அவள் கை இறங்கியது.

"மூட்டைதான் போல சார். என் கண்ணுலதான் கோளாறு."

தன் இடத்தில் உட்கார்ந்து 'ஏற்கிறேன்' அழுத்தினாள். மூன்றுக்கு மூன்று. யாரோ கைதட்டினார்கள். புல்லட் அவளுக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தான். அவள் அதைக் குடித்தாள். குடிக்கிறாளே என்று அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

வரிசையில் ஒன்றை விட்டுவிட்டேன்.

அந்தப் படம் மூன்று பேரில் முதலில் வந்தது எனக்கு. பெரிதாக்கிப் பார்க்கத் தேவைப்படவில்லை. வகுப்புக்கு அந்த ஷட்டரைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். அங்கே படுத்திருப்பவர் போர்வையை விலக்கி என்னிடம் மணி கேட்பார்.

எனக்குத் தெரிகிறது, மற்ற இரண்டு பேருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். யோசித்துவிட்டுப் 'பொருள்' என்று அழுத்தினேன்.

இன்று மாலையும் கேட்டார். ஆறு இருபது என்றேன்.