பிழைச் செய்தி

“ஒரே ஒரு வார்த்தை தூ அண்ணன் காதுல போட்டா, நீ என்ன தேஞ்சா போயிடுவே?”

பெய்ஷான் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். யுன்ரூ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“லியாவ் சார் சொன்னது கேக்கலியா? யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவரேதான் கண்டுபிடிக்கணும்.”

“சார் ஆயிரம் சொல்வாரு. உனக்குன்னு ஒரு மனசு கிடையாதா?”

“எனக்கு வேலை இருக்கு, பெய்ஷான்.”

இரண்டு மேஜை தள்ளி தூ பின்யுவான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தொன்பது. பதினெட்டு வருஷம் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதியவர். அந்த நிறுவனம் மூடியபின் ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, நெய்ஹூ பகுதியில் இருக்கும் இந்தச் சின்ன ஆபீசுக்கு வந்தார். டயாலிசிஸ் நோயாளிகள் நேரம் பதிவு செய்துகொள்ளும் வலைத்தளம்தான் இங்கே வேலை.

அவருடைய மூன்று மாத சோதனைக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. தளத்தில் செய்த ஏதோ ஒரு மாற்றத்தால், அதன் பகுதிகளைச் சரிபார்க்கும் அறுபத்து மூன்று யூனிட் டெஸ்ட்டும் புதன்கிழமை காலை தோற்று, சிவப்பு காட்டின. டீம் தலைவர் லியாவ் அதையே பரீட்சையாக்கிவிட்டார்.

“பச்சையாக்கிட்டா இருங்க. இல்லேன்னா கஷ்டம்.”

தூ பழகிய முறையில், மென்பொருளின் ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். இங்கே அப்படியில்லை. எதற்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியலில் எழுதிவைத்தால், வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கப்படும். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பார்கள். யுன்ரூவுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. பக்கங்களுக்கு வடிவம் செய்யும் பெய்ஷானுக்கு அதில் ஒன்றும் தெரியாது.

புதன்கிழமை திரை சொன்னது இவ்வளவுதான்: ‘உருவாக்க முடியவில்லை.’

எதை? ஏன்? அது சொல்லவில்லை. தூ மாலை வரை எங்கெங்கோ தேடினார்.

வியாழக்கிழமை காலை டெஸ்ட்டை ஓட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘நினைவூட்டல் பகுதியை உருவாக்க முடியவில்லை. அது கேட்ட கடிகாரம் கிடைக்கவில்லை.’

“சே, நேத்து இதைக் கவனிக்காம விட்டுட்டேனே!” என்று தலையில் தட்டிக்கொண்டார்.

உடனே பட்டியலைத் திறந்து, நேரம் சொல்லும் பகுதியான கடிகாரத்தைச் சேர்த்தார். ஓட்டினார். சிவப்பு. அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தார். அப்போதும் சிவப்பு.

மதியம் பெய்ஷான் அவருக்குப் பன்றி வறுவல் போட்ட சாப்பாட்டுப் பெட்டி வாங்கி வந்தாள்.

“முதல்ல சாப்பிடுங்க, தூ அண்ணே. இங்க சில பேருக்குக் கல்லு நெஞ்சு. அவங்களை நம்பி நீங்க பட்டினி கிடக்காதீங்க.”

யுன்ரூவுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். யுன்ரூவின் விரல்கள் மட்டும் ஒரு நொடி விசைப்பலகையில் நின்றன.

“அந்தப் பொண்ணை ஏம்மா சொல்றே? அதுக்கும் வேலை போயிடக் கூடாதில்ல?” என்றார் தூ.

வெள்ளிக்கிழமை காலை அவர் மேஜையைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டுத்தான் கணினியைத் திறந்தார். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

‘கடிகாரம் கிடைக்கவில்லை. தேடிய இடம்: டெஸ்ட் பட்டியல்.’

“டெஸ்டுக்குன்னு தனிப் பட்டியலா!” வாய்விட்டே கத்திவிட்டார்.

முந்தின நாள் முழுக்க அவர் கடிகாரத்தைத் தளத்தின் பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தார். டெஸ்ட்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. எப்போதும் காலை ஒன்பது மணி காட்டும் டம்மிக் கடிகாரம் ஒன்றைச் செய்து, டெஸ்ட் பட்டியலில் சேர்த்தார்.

அறுபத்து மூன்றும் பச்சை.

லியாவ் வந்து பார்த்தார்.

“யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?”

“இல்லை சார். யாரும் மூச்சு விடலை. பிழைச் செய்தியை ஒழுங்காப் படிச்சேன், அவ்வளவுதான். முதல் நாளே படிச்சிருக்கணும். என் தப்பு.”

“சரி. திங்கக்கிழமை வாங்க.”

தூ நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெய்ஷான் கைதட்டினாள். யுன்ரூ பக்கம் திரும்பி, “பாத்தியா? உன் தயவு இல்லாமலே ஜெயிச்சுட்டாரு” என்றாள்.

“ம்” என்றாள் யுன்ரூ.

அந்த வாரம் எல்லோரும் செய்த மாற்றங்களைச் சேர்த்துத் தளத்தில் ஏற்றுவது பெய்ஷான் முறை. பிற்பகலில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு கோப்பில் நின்றாள். டெஸ்ட்டுகள் தோற்றால் எல்லோர் திரையிலும் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் கோப்பு அது.

அதில் இரண்டு மாற்றங்கள். வியாழன் காலை ஏழரை மணிக்கு ஒன்று. வெள்ளி காலை ஏழரைக்கு ஒன்று. ஆபீசில் யாரும் வந்திராத நேரம்.

ஒவ்வொரு முறையும் செய்தி இன்னும் கொஞ்சம் விவரமாகியிருந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே பெயர்.

பெய்ஷான் எழுந்து யுன்ரூவின் மேஜைக்குப் போனாள்.

“நீ... அந்தச் செய்தியை...”

“ஷ்ஷ். அவர் காதுல விழப்போகுது.” யுன்ரூ முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். “சார் நம்ம வாயைத்தானே கட்டினாரு?”