ரிட்டர்ன் லோடு

"வர்ற வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கிறேன்க்கா. போறப்ப லோடு இருக்கு, வர்றப்ப வண்டி காலியா வருது. டீசலுக்கே கட்டலை."

குட்டியானை வண்டியின் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே சிவராஜ் சொன்னான். காய் மூட்டையை ஏற்றிவிட்டு நின்ற அம்மாக்கண்ணு வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நாச்சியாபுரத்துக் காய் காரைக்குடி மண்டிக்குப் போவது இந்த ஒரு வண்டியில்தான். டவுன் பஸ்ஸில் மூட்டையைக் கண்டாலே கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். வண்டி நின்றால் அவளுடைய கத்திரிக்காயும், பக்கத்துத் தோட்டத்துப் பெத்தனின் வெண்டைக்காயும் செடியிலேயே முற்ற வேண்டியதுதான்.

"திரும்பி வர லோடு கிடைச்சா ஓட்டுவியாப்பா?"

"கிடைச்சா ஏன்க்கா ஓட்டாம? நம்ம ஊருக்கு யாரு என்னத்த அனுப்பப் போறாக?"

மறுநாள் அம்மாக்கண்ணு அதே வண்டியில் ஏறிக் காரைக்குடியில் போய் இறங்கினாள். ஒரு கடை விடவில்லை. சிமெண்டுக் கடைக்காரரிடம் சொந்த வண்டி இருந்தது. தீவனக் கடைக்காரர், "ஆடி முடியட்டும், பாப்போம்" என்றார். பாத்திரக் கடையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள், லோடு கொடுக்கவில்லை. மரியாதைக்கு மட்டும் எங்கும் குறைவில்லை.

கடைசியில் மண்டிக்காரர் சிதம்பரத்திடமே வந்து நின்றாள். அழுகை வராத குறை.

"அட, இதை முதல்லயே எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்றார் அவர். "உங்க ஊருக்கு அனுப்ப எங்கிட்டயே சரக்கு இருக்கு. வண்டி இல்லாமத்தான் அந்த ஆர்டரைத் தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கேன். நாளைக்கே ஆரம்பிச்சுடுவோம்."

என்ன சரக்கு என்று அம்மாக்கண்ணு கேட்கவில்லை. வண்டி ஓடினால் போதும் அவளுக்கு.

வண்டி ஓடியது. ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பெத்தன்கூட வாய்க்கால் தகராறை மறந்து ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசினார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் ரஹீமாவின் மளிகைக் கடையில் இருவரும் எதிரும் புதிருமாக நின்றிருந்தார்கள். ரஹீமா இப்போது காய்கறியும் போட்டிருந்தாள். 'காரைக்குடி காய்கறி' என்று வாசலில் போர்டு வேறு.

"ரஹீமா, வெண்டைக்காய் அரைக் கிலோ போடு. நுனியை ஒடிச்சா படக்குன்னு ஒடியுது பாரு. நம்ம ஊர்லயும் போடுறாகளே, நாரு நாரா!" என்றாள் அம்மாக்கண்ணு, பெத்தன் காதில் நன்றாக விழும்படி.

பெத்தன் விடுவாரா? "எனக்குக் கத்திரிக்கா போடும்மா. டவுனுக் காயோட ருசி இங்க சில பேரு தோட்டத்துல தலைகீழா நின்னாலும் வராது."

ஓரமாக நின்று சோடா குடித்துக்கொண்டிருந்த சிவராஜுக்குப் புரையேறியது.

அம்மாக்கண்ணு பேச்சை மாற்றினாள். "ஏப்பா, நான் பிடிச்சுக் குடுத்த லோடு எப்படி? ஏத்தி இறக்கச் சிரமமா இருக்கா?"

"ஒரு சிரமமும் இல்லக்கா. ரஹீமாக்கா கடைக்குக் காய்தான்."

"அதான், ஏத்துறதுக்கு அங்க ஆளு இருக்கான்னு கேக்குறேன்."

"ஆளு எதுக்குக்கா? காலையில நீங்க ரெண்டு பேரும் ஏத்திவிடுறீகளே, அந்த மூட்டைதான் இது. சிதம்பரம் அண்ணன் எட்டிப் பாத்து விலையைப் போட்டதும், இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துருவேன்."