பிடித்துவிடாத மூக்கு

அவள் வெந்நீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். அம்மா சொன்னதும் ஊற்ற வேண்டும்.

குளியலறையில் அம்மா மணை போட்டு, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால்களின் மேல் குழந்தை. தங்கை மேகலாவின் பெண். பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எண்ணெய் தடவத் தடவ அந்த முகம் பளபளத்தது.

அவள் மூக்கை மட்டும்தான் பார்த்தாள்.

சப்பை மூக்கு. நடுவில் பள்ளம். நுனி மட்டும் சின்ன உருண்டையாய்.

ஐயோ, என் மூக்கு.

இப்போது இருப்பதைச் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இருந்ததை.

இப்போது இருப்பது கோவையில் ஒரு கிளினிக்கில் செய்தது. எடுப்பாக வேண்டும் என்றுதான் கேட்டாள். எடுப்பாகத்தான் செய்து கொடுத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகுதான் லட்சணம் தெரிந்தது. நுனி கிள்ளி வைத்த மாதிரி இருந்தது. இடப்பக்கம் கொஞ்சம் கோணல். வெயிலில் நின்றால் உள்ளே வைத்த சிலிக்கான் துண்டின் விளிம்பு தோலுக்கு மேல் கோடு போட்டுக் காட்டியது.

நாளை வேறொரு டாக்டரைப் பார்க்கப் போகிறாள். அந்தத் துண்டை எடுத்துவிட்டு, காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைத்துச் சரிசெய்யலாம் என்று போனில் சொன்னார். பழையபடி அப்படியே வராது, கிட்டத்தட்ட வரலாம் என்றார். பழைய போட்டோ ஒன்று கொண்டுவரச் சொன்னார். பக்கவாட்டில் எடுத்ததாக.

தேடினாள். ஒன்றுகூட இல்லை.

கேமராவைப் பார்த்தாலே அவள் கை மூக்குக்குப் போய்விடும். சிரிப்பை மறைப்பதுபோல. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பழக்கம். எல்லாப் படத்திலும் கண் இருக்கிறது, வளையல் இருக்கிறது, மூக்கு இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் மேகலாவைப் பார்த்து, மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்பார்கள். இவளிடம் வந்ததும் முழியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அம்மா உடனே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். "இவ பொறந்தப்ப நான் மஞ்சக்காமாலைல கெடந்தனுங்க. மூக்குப் புடிச்சு உட ஆளில்லாமப் போச்சு."

தினமும் எண்ணெய் வைக்கும்போது குழந்தையின் மூக்குத் தண்டைப் பிடித்து நீவிவிட்டால் எடுப்பாக வருமாம். ஊரே அப்படித்தான் செய்தது. மேகலாவுக்கு அம்மா ஒருநாள் விடாமல் பிடித்துவிட்டிருக்கிறாள். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

மூக்கு என்பது சரிசெய்துகொள்கிற சாமான் என்று அவள் அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா அவள் மூக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. பேசும்போது நெற்றியைப் பார்த்துப் பேசினாள்.

அம்மாவின் விரல்கள் குழந்தையின் நெற்றியை நீவின. புருவத்தை ஒதுக்கின. தாடையைப் பிடித்துவிட்டன.

அடுத்தது மூக்கு.



வேண்டாம்மா. அதை விட்டுடு. அங்கேயாவது இருக்கட்டும்.



அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூக்குக்கு மேலே வந்தன. நின்றன.

பிறகு காதுக்குப் போய்விட்டன.

"மூக்குப் புடிச்சு உடலையாம்மா?"

அம்மா நிமிரவில்லை.

"எதுக்கு? நல்லாத்தான இருக்குது. தண்ணி ஊத்து."

ஊற்றினாள். மொத்தமாகக் கொட்டிவிட்டது. குழந்தை வீறிட்டது.

நல்லாத்தான இருக்குது.

இதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சின்ன வயதில் தன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் தன் பழைய மூக்கின் மேல் ஆசை வந்தது. தாங்க முடியாத ஆசை. கண்ணாடியில் அதை இன்னொரு முறை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

துவட்டி, சாம்பிராணி காட்டி, குழந்தையைக் கட்டிலில் போட்டார்கள். அவள் போனை எடுத்தாள். நாளை டாக்டரிடம் காட்ட, குழந்தைக்குப் பக்கவாட்டில் குனிந்தாள்.

"இரு, இரு. பொட்டு வெக்காம எடுக்காத. கண்ணு பட்டுரும்."

அம்மா மை டப்பியைத் திறந்தாள். குழந்தையின் கன்னத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தாள். உள்ளங்காலில் ஒன்று.

விரலில் மை மீதி இருந்தது. எப்போதும் அதைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொள்வாள்.

இன்று துடைக்கவில்லை. மகளைப் பார்த்தாள். நெற்றியை இல்லை. மூக்கை.

பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியது.

கையை நீட்டி, மீதி மையை மகளின் கன்னத்தில் வைத்தாள்.

"போனக் குடு, நான் எடுக்கறேன். நீ பாப்பாவத் தூக்கிக்க."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றாள். வெளிச்சம் இரண்டு முகத்திலும் விழுந்தது.

அம்மா போனைத் தூரமாகப் பிடித்தாள்.

கை வழக்கம்போல மூக்குக்குப் போகத் துடித்தது.

இரண்டு கையிலும் குழந்தை இருந்தது.