கரும்பொடியில் ஒரு மீன்

பாரசீக வணிகன் விட்டுப்போன பொடி அடுப்புக்கரியைப் போல இருந்தது. நெருப்பில் அது நீலமாகும் என்று அவன் சொன்னதை யிங்சூ மட்டுமே நம்பினாள். அவள் பீங்கான் சூளையில் களிமண் மிதிப்பவள். அந்தப் பொடியால் வரைந்து பார்க்கத் தூரிகை கேட்டபோது சூளை முதலாளி கூ சிரித்தார்.

"ஒரே ஒரு ஜாடி. பாழாச்சுன்னா பேசாம மறுபடி மிதிக்கப் போயிடணும்."

பொடியைத் தண்ணீரில் குழைத்து, இன்னும் சூளையில் வேகாத ஜாடியில் ஒரு மீன் வரைந்தாள். கண் வெளிறித் தெரிந்தது. அதன்மேல் இன்னொரு முறை தீற்றினாள். ஜாடியை வெள்ளைப் பூச்சுக் குழம்பில் முக்கி எடுத்ததும் மீன் அடியோடு மறைந்துபோனது.

"மீனு தண்ணிக்குள்ள போயிடுச்சு, அண்ணி," என்றான் விறகு அடுக்கும் தாஷான்.

"வெந்ததும் மேல வரும், வாயை மூடு."

சூளை எரிந்து ஆறியபின் முதலாளி கூ தானே உள்ளே போய் ஜாடியை எடுத்துவந்தார். மீன் நீலமாக இருந்தது. அந்த நீலத்துக்கு அங்கே யாரிடமும் பெயர் இல்லை. ஆனால் இரண்டு முறை தீற்றிய கண் உருகிப் பரவி, தலையை விழுங்கியிருந்தது.

"தலையே இல்லியேம்மா," என்றார் கூ.

யிங்சூ மண் மிதிக்கும் குழியை நோக்கித் திரும்பினாள்.

"எங்க போற?"

கூ அந்த ஜாடியை ஒரு கையால் அணைத்தபடியே, வேகாத கிண்ணம் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கண்ணை மட்டும் ஒரே தடவை வை."

அவள் தூரிகையை நனைத்தாள். மீனை வரைந்து, கண்ணை ஒரே தடவை வைத்தாள். அது வெளிறித்தான் தெரிந்தது; தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.